மின்சாரத்தின் கார்பன் கணக்கு: எந்தக் காரணியால் பெருக்குவது?

மாதம் 300 யூனிட் செலவாகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 3,600 யூனிட். நிலக்கரியை அதிகம் எரிக்கும் மின்கட்டமைப்பில் அந்த வீடு இருந்தால், யூனிட்டுக்கு 0.7 கிலோ வீதம் வருடத்துக்கு இரண்டரை டன் கார்பன் டை ஆக்சைடு அதன் கணக்கில் ஏறும். அணுமின்சாரமும் நீர்மின்சாரமும் மிகுந்த இடத்தில் யூனிட்டுக்கு 0.05 கிலோதான் என்றால், அதே விளக்கு, அதே ஃபேன், அதே ஃபிரிட்ஜோடு கணக்கு 180 கிலோவில் நின்றுவிடும். பதினான்கு மடங்கு வித்தியாசம். இரண்டு இடத்திலும் மீட்டர் காட்டுவது ஒரே எண்.

இந்தக் கணக்கில் இருப்பது ஒரே ஒரு பெருக்கல்தான்: எத்தனை யூனிட், ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு உமிழ்வு. முதல் எண்ணைப் பில் சொல்லிவிடும். இரண்டாவது எண்ணான உமிழ்வுக் காரணியில்தான் சிக்கல். ஆண்டுச் சராசரி, மணிநேரச் சராசரி, விளிம்புக் காரணி, சான்றிதழ் அடிப்படையிலான காரணி, ஆயுள்காலக் காரணி என்று பல இருக்கின்றன. எல்லாமே நேர்மையாகக் கணக்கிட்டவைதான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கான பதில். போன வருடம் நம் பங்கு எவ்வளவு என்று எழுதிவைக்க ஒரு காரணி, அடுத்த வருடம் என்ன செய்யலாம் என்று முடிவெடுக்க வேறொரு காரணி. இந்த இரண்டையும் கலந்துவிடும்போதுதான் நல்ல எண்ணத்தோடு எடுத்த முடிவுகூடத் தடம் மாறிவிடுகிறது.

முதலில் யூனிட்

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். யூனிட் என்று நாம் சொல்வது ஒரு கிலோவாட் மணி. சில இணையக் கணிப்பான்கள் யூனிட்டைக் கேட்காமல் மாதம் எவ்வளவு பணம் கட்டுகிறீர்கள் என்று கேட்கும். அந்தப் பணத்தை ஒரு சராசரி விலையால் வகுத்து யூனிட்டை ஊகித்துக்கொள்ளும். கட்டணம் கூடினால் உமிழ்வும் கூடியதாகக் காட்டும், மானியம் வந்தால் குறைந்ததாகக் காட்டும். பில்லில் யூனிட் அச்சாகியிருக்கும்போது இந்த வழிக்குப் போகவே வேண்டாம்.

தனி மீட்டர் இல்லாத அலுவலகங்கள் கட்டடத்தின் மொத்த யூனிட்டைச் சதுர அடி விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாம். சாதனம் சாதனமாக வாட்டையும் மணியையும் பெருக்கிக் கூட்டுவது இன்னொரு வழி. ஆனால் அது பெரும்பாலும் மிகைப்படுத்தும். 1,500 வாட் ஏசி 8 மணி நேரம் ஓடினால் காகிதத்தில் 12 யூனிட் வரும். உண்மையில் அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் நின்று நின்று ஓடும், இன்வெர்ட்டர் வகையாக இருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எந்தச் சாதனம் அதிகம் இழுக்கிறது என்று தெரிந்துகொள்ள இந்த வழி உதவும். மொத்தத்துக்கு மீட்டர்தான்.

ஆண்டுச் சராசரி: பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும்

ஒரு மின்கட்டமைப்பில் வருடம் முழுக்க வெளியான உமிழ்வை, அந்த வருடம் உற்பத்தியான மின்சாரத்தால் வகுத்தால் கிடைப்பது ஆண்டுச் சராசரிக் காரணி. இதை அரசு அமைப்புகளே வெளியிடுகின்றன. இந்தியாவில் மத்திய மின்சார ஆணையம், அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் ஈகிரிட் தரவுத்தளத்தில், பிரிட்டனில் அரசின் வருடாந்தர மாற்றுக் காரணிப் பட்டியலில். இலவசமாகக் கிடைக்கும், எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதும் கூடவே இருக்கும். வீட்டின் வருடாந்தரக் கணக்குக்கு இதைவிட நுணுக்கமான எதையும் தேட வேண்டிய அவசியம் இல்லை என்பதே என் கருத்து. அந்த நேரத்தில் பழைய ஃபிரிட்ஜ் எத்தனை யூனிட் இழுக்கிறது என்று பார்த்தால் அதிகப் பயன்.

ஆனால் காரணியைக் கையில் எடுத்ததும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, வழியில் ஏற்படும் இழப்பு. மேலே சொன்ன காரணிகள் பெரும்பாலும் மின் நிலையத்தின் வாசலில் அளந்தவை. கம்பியிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். நிலையத்தில் 0.7 கிலோ என்றால், வழியில் நூற்றுக்கு 10 பங்கு இழப்பு இருக்கும் இடத்தில் நம் மீட்டரில் அது 0.78 கிலோ ஆகிறது. 0.7-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும், 1.1-ஆல் பெருக்கக் கூடாது. இதில் இன்னொன்றும் உண்டு. மின் வாரியங்களும் விநியோக நிறுவனங்களும் சொல்லும் இழப்புக் கணக்கில் சில சமயம் திருட்டும், வசூலாகாத பில்லும் சேர்ந்திருக்கும். திருடிய மின்சாரத்தையும் யாரோ ஒருவர் பயன்படுத்தித்தான் இருக்கிறார், அது வெப்பமாகக் கரைந்துவிடவில்லை. அதன் உமிழ்வு அவர் பங்கு. ஆகவே நாம் சேர்க்க வேண்டியது தொழில்நுட்ப இழப்பை மட்டும். நிறுவனங்கள் இந்தப் பகுதியைத் தனி வரியில் காட்ட வேண்டும். கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டோகால் என்ற சர்வதேசக் கணக்கு முறையில் வாங்கிய மின்சாரம் இரண்டாம் வகையிலும், அந்த மின்சாரம் வழியில் இழந்தது மூன்றாம் வகையிலும் வரும்.

இரண்டாவது, புகைபோக்கி மட்டுமா, முழு ஆயுளுமா என்பது. அரசுப் பட்டியல்கள் பெரும்பாலும் எரிக்கும்போது வெளிவருவதை மட்டும் எண்ணுகின்றன. அந்தக் கணக்கில் சூரிய மின்சாரம் பூஜ்யம். பேனல் செய்யத் தேவைப்பட்ட ஆற்றல், சுரங்கத்தில் கசியும் மீத்தேன், கட்டுமானத்துக்கான சிமெண்ட் எல்லாவற்றையும் சேர்த்தால் எதுவுமே பூஜ்யம் இல்லை. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2014 அறிக்கை தந்த ஆயுள்கால நடுமதிப்புகள் இப்படி: ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி 820 கிராம், இயற்கை எரிவாயு 490, கூரை மேல் சூரிய ஒளி 41, நீர்மின்சாரம் 24, அணுமின்சாரம் 12, நிலத்தில் நிறுவிய காற்றாலை 11. அதற்குப் பிறகு பேனல் தயாரிப்பு எவ்வளவோ மேம்பட்டுவிட்டது. ஆனால் வரிசையின் பொருள் மாறவில்லை. நிலக்கரிக்கும் சூரிய ஒளிக்கும் இடையே இருபது மடங்கு இடைவெளி இருக்கும்போது, "பேனல் செய்யவே அதைவிட அதிகக் கார்பன் ஆகிறதே" என்ற வாதம் நிற்காது.

இந்த இரண்டு முறைகளில் எதை எடுத்தாலும் சரி. ஒரு முறையில் வந்த எண்ணை இன்னொரு முறையில் வந்த எண்ணோடு ஒப்பிடுவதுதான் தவறு. ஒரு நாட்டுக்கு எரிப்புக் காரணி, இன்னொரு நாட்டுக்கு ஆயுள்காலக் காரணி என்று எடுத்து ஒரு நிறுவனத்தின் இரண்டு கிளைகளை ஒப்பிட்டால் வரும் முடிவுக்கு அர்த்தமே இல்லை.

நிறுவனங்களுக்கு இரண்டு எண்கள்

வீட்டுக்காரருக்கு இல்லாத ஒரு கேள்வி நிறுவனங்களுக்கு உண்டு: பசுமை மின்சாரம் வாங்கினோமே, அதை எங்கே காட்டுவது?

பல ஓடைகளின் தண்ணீர் ஏரியில் கலந்த பிறகு மடை வழியே வருவது எந்த ஓடையின் தண்ணீர் என்று சொல்ல முடியாது. மின்சாரமும் அப்படித்தான். அதனால் காற்றாலை உற்பத்தி செய்யும் ஒவ்வொரு 1,000 யூனிட்டுக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்து, அந்தச் சான்றிதழை விற்கவும் வாங்கவும் விட்டிருக்கிறார்கள். வாங்கியவர் அந்த மின்சாரம் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். 2015-இல் வெளிவந்த கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டோகாலின் இரண்டாம் வகைக்கான வழிகாட்டுதல், இப்படிப்பட்ட சந்தை இருக்கும் இடங்களில் இயங்கும் நிறுவனங்கள் இரண்டு எண்களையும் காட்ட வேண்டும் என்கிறது. ஒன்று இட அடிப்படை: நாம் இணைந்திருக்கும் கட்டமைப்பின் சராசரி. மற்றொன்று சந்தை அடிப்படை: நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களும் வாங்கிய சான்றிதழ்களும் சொல்லும் எண்.

ஒரு அலுவலகம் வருடத்துக்கு ஒரு லட்சம் யூனிட் பயன்படுத்துகிறது, கட்டமைப்பின் சராசரி 0.5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இட அடிப்படையில் 50 டன். 80,000 யூனிட்டுக்குச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பகுதி பூஜ்யம். மீதி 20,000 யூனிட்டுக்கு 0.5 போட்டு 10 டன் என்று எழுதத் தோன்றும். அது சரியில்லை. பசுமையான பங்கைப் பலரும் சான்றிதழாகப் பிரித்தெடுத்துவிட்ட பிறகு கட்டமைப்பில் மிஞ்சுவது சராசரியைவிட அழுக்கானது. அந்த மிச்சக் கலவையின் காரணி 0.6 என்றால் கணக்கு 12 டன். மிச்சக் கலவைக் காரணி வெளியிடப்படும் இடங்களில் அதைத்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே காற்றாலையை வாங்கியவரும் வாங்காதவரும் இரண்டு முறை எண்ணிக்கொள்வார்கள்.

இந்த இரண்டில் எதை நம்புவது? என் பார்வையில் சந்தை எண்ணைத் தனியாக ஒருபோதும் சொல்லக் கூடாது. பக்கத்திலேயே இட எண் இருக்க வேண்டும். ஏற்கெனவே பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் நீர்மின் நிலையத்தின் சான்றிதழை மலிவாக வாங்கினால் காகிதத்தில் உமிழ்வு மறைகிறது, புகைபோக்கியில் எதுவும் மாறுவதில்லை. அதே சமயம், இன்னும் கட்டப்படாத ஒரு காற்றாலைக்குப் பத்துப் பதினைந்து வருட ஒப்பந்தம் போட்டு, அந்த ஒப்பந்தத்தைக் காட்டி வங்கிக் கடன் கிடைத்துக் காற்றாலை எழுந்தால், அந்த நிறுவனம் உண்மையிலேயே ஒன்றைச் செய்திருக்கிறது. இரண்டுமே சந்தை எண்ணில் ஒரே பூஜ்யமாகத்தான் தெரியும். இது இந்த முறையின் பெரிய குறை. எந்த நிலையம், எந்த வருடம் தொடங்கியது, ஒப்பந்தம் எத்தனை வருடம் என்று அறிக்கையில் இரண்டு வரி எழுதினால் படிப்பவர் தானே எடைபோட்டுக்கொள்வார்.

இந்தக் குறையைச் சரிசெய்யும் முயற்சிகளும் நடக்கின்றன. நள்ளிரவில் பயன்படுத்திய மின்சாரத்துக்கு நண்பகல் சூரிய ஒளியின் சான்றிதழைக் காட்டுவது இப்போது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பயன்படுத்திய அதே மணி நேரத்தில், அதே கட்டமைப்புக்கு வந்து சேரக்கூடிய மின்சாரத்தின் சான்றிதழாக இருக்க வேண்டும் என்ற திருத்தத்தை கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டோகால் 2025 அக்டோபரில் பொதுக் கருத்துக்கு வைத்தது. பெரிய நிறுவனங்கள் இப்போதே மணிவாரியாக யூனிட் தரவைச் சேமித்து வைப்பது நல்லது. பிறகு தேடினால் கிடைக்காது.

முடிவெடுக்கும்போது: விளிம்புக் காரணி

இதுவரை சொன்னது எல்லாம் பங்கு பிரிக்கும் கணக்கு. பழைய ஏசியை மாற்றலாமா, கூரையில் சோலார் போடலாமா, டீசல் வேனை மின்சார வேனாக மாற்றலாமா என்ற கேள்விகள் வேறு. அங்கே கேட்க வேண்டியது: நான் ஒரு யூனிட்டைக் குறைத்தால் எந்த மின் நிலையம் தன் உற்பத்தியைக் குறைக்கும்?

எல்லா நிலையங்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதில்லை. காற்றுக்கும் வெயிலுக்கும் எரிபொருள் செலவு இல்லாததால் அவை கிடைத்தவரை ஓடும். அணுமின் நிலையம் பெரும்பாலும் ஒரே அளவில் ஓடும். ஏறி இறங்குவது எரிவாயு, நிலக்கரி, அல்லது அணையில் தேக்கிய நீர். அந்த விளிம்பில் நிற்கும் நிலையத்தின் உமிழ்வுதான் விளிம்புக் காரணி.

ஒரு கட்டமைப்பில் பாதி மின்சாரம் நீர், அணு, காற்றிலிருந்தும் பாதி எரிவாயுவிலிருந்தும் வருகிறது, எரிவாயு யூனிட்டுக்கு 0.4 கிலோ என்று வைப்போம். சராசரி 0.2 கிலோ. ஆனால் நாம் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் எரிவாயுவைக் குறைக்கிறது என்றால், 1,000 யூனிட் சேமிப்பின் பலன் 200 கிலோ இல்லை, 400 கிலோ. "நம் கட்டமைப்பு ஏற்கெனவே சுத்தமானது, சேமித்து என்ன பயன்" என்று நினைப்பவர்கள் இதைத்தான் தவற விடுகிறார்கள். நேர்மாறாகவும் நடக்கும். 60 பங்கு நிலக்கரி எந்நேரமும் ஒரே அளவில் ஓட, 40 பங்கு எரிவாயு மட்டும் ஏறி இறங்கும் இடத்தில் சராசரி 0.7-ஐத் தாண்டும், விளிம்பு 0.4-இலேயே நிற்கும். நண்பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சி அதை நிறுத்தி வைக்கும் இடங்களில் அந்த நேரத்தின் விளிம்பு கிட்டத்தட்ட பூஜ்யம். அப்போது காரைச் சார்ஜ் செய்வது கார்பன் கணக்கில் இலவசம் மாதிரி.

இதற்கான எண்களையும் அரசு அமைப்புகளே தருகின்றன. ஈகிரிட்டில் அடிப்படைச் சுமை அல்லாத, அதாவது எந்நேரமும் ஒரே அளவில் ஓடாமல் ஏறி இறங்கும் நிலையங்களுக்குத் தனிக் காரணி இருக்கிறது. சேமிப்பின் பலனைக் கணக்கிட அதைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். இந்திய மத்திய மின்சார ஆணையம் சராசரியோடு இயக்க விளிம்பு, கட்டுமான விளிம்பு, இரண்டின் கலவை என்று மூன்றையும் தருகிறது. கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்தின் தூய மேம்பாட்டுத் திட்டங்களை எடைபோட உருவான வகைப்பாடு அது. இயக்க விளிம்பு என்பது இன்று ஓடும் நிலையங்களில் எது குறையும் என்பது. கட்டுமான விளிம்பு என்பது அண்மையில் கட்டப்பட்ட நிலையங்களை வைத்து, இனி எப்படிப்பட்ட நிலையம் தேவைப்படாமல் போகும் என்பது. விளக்கை அணைப்பது போன்ற உடனடி விஷயத்துக்கு முதலாவது. பதினைந்து இருபது வருடம் ஓடப்போகும் சாதனத்துக்கு இரண்டாவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அந்தச் சாதனத்தின் ஆயுளுக்குள் கட்டமைப்பே மாறிவிடும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் விளிம்பையே எடுத்துவிடலாமே? கூடாது. ஊரில் உள்ள எல்லோரும் தங்கள் வருடக் கணக்கை விளிம்புக் காரணியால் எழுதினால், மொத்தத்தைக் கூட்டும்போது கட்டமைப்பின் உண்மையான உமிழ்வு வராது. மேலே சொன்ன பாதி எரிவாயு எடுத்துக்காட்டில் அது இரண்டு மடங்காகிவிடும். மேலும் விளிம்பை யாரும் நேரில் அளக்க முடியாது, மாதிரியை வைத்து மதிப்பிடத்தான் முடியும். இரண்டு மாதிரிகள் இரண்டு விடை தரலாம். ஆகவே பங்குக் கணக்குக்குச் சராசரி, மாற்றத்தின் பலனுக்கு விளிம்பு. இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கக் கூடாது.

மணிவாரிக் கணக்கு யாருக்கு?

ஸ்மார்ட் மீட்டர் அரை மணிக்கு ஒருமுறை பதிவு செய்கிறது. எலக்ட்ரிசிட்டி மேப்ஸ் போன்ற சேவைகள் பல நாடுகளுக்கு நேரலையாகக் காரணியைக் காட்டுகின்றன. பிரிட்டனின் மின்கட்டமைப்பை இயக்கும் அமைப்பு வட்டாரவாரியாக முன்கணிப்பே தருகிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வேலையை நேரம் மாற்றிச் செய்ய முடிந்தவர்களுக்குத்தான் இதனால் பயன். மின்சாரக் கார், தண்ணீர் ஏற்றும் மோட்டார், குளிர்பதனக் கிடங்கு வைத்திருப்பவர்கள் நேரத்தை நகர்த்தலாம். இரவு ஷிஃப்ட் மட்டும் ஓடும் தொழிற்சாலைக்கும் மணிவாரிக் கணக்கு அவசியம். சூரிய மின்சாரம் மிகுந்த கட்டமைப்பில் ஆண்டுச் சராசரி அந்தத் தொழிற்சாலையின் பங்கைக் குறைத்துக் காட்டும்.

ஒரு எச்சரிக்கை: நேரலை வரைபடங்கள் பெரும்பாலும் அந்த மணி நேரத்தின் சராசரியைக் காட்டுபவை. காற்று பலமாக வீசும் இரவில் சராசரி தாழ்ந்திருக்கும், ஆனால் விளிம்பில் நிலக்கரி நிற்கலாம். அப்போது சுமையை அங்கே நகர்த்தினால் எரிவாயுவுக்குப் பதில் நிலக்கரி எரியும். நேரம் மாற்றத்தான் பார்க்கிறீர்கள் என்றால், விளிம்பைத் தரும் வாட்டைம் போன்ற சேவையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூரையும் ஜெனரேட்டரும்

சோலார் வைத்த வீட்டில் பில்லில் வரும் நிகர யூனிட்டைப் பெருக்கினால் படம் தவறாகும். பகலில் 10 யூனிட் கொடுத்து இரவில் 10 யூனிட் வாங்கியவரின் பில் பூஜ்யம் காட்டும். இரவில் வாங்கியது அனல்மின் நிலையத்திலிருந்து வந்திருக்கலாம். கட்டமைப்பிலிருந்து வாங்கிய மொத்த யூனிட்டைச் சராசரியால் பெருக்கி ஒரு வரி. கொடுத்த யூனிட்டை விளிம்பால் பெருக்கி, தவிர்க்கப்பட்ட உமிழ்வு என்று தனியாக இன்னொரு வரி. பின்னது பெருமைப்பட வேண்டிய எண், ஆனால் முன்னதிலிருந்து கழிக்கும் எண் இல்லை.

ஜெனரேட்டர் இருந்தால் அது வேறு கணக்கு, நிறுவனங்களுக்கு முதல் வகையில், அதாவது தாமே எரிக்கும் எரிபொருளின் உமிழ்வில் வரும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நல்ல ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு மூன்று முதல் மூன்றரை யூனிட் தரும், பாதிச் சுமையில் ஓடினால் அதற்கும் குறைவு. யூனிட்டுக்கு 0.8, 0.9 கிலோ வரை வருகிறது. லிட்டர் கணக்கை எழுதிவைத்தால் போதும், எத்தனை மணி ஓடியது என்ற ஊகம் தேவையில்லை.

எந்த வருடத்துக் காரணி?

காரணிகள் தாமதமாகத்தான் வரும். இந்த வருட யூனிட்டுக்குக் கிடைப்பது ஓரிரு வருடம் பழைய காரணியாக இருக்கும். அதனால் எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் மூன்று விவரம் வேண்டும்: யூனிட், காரணி, காரணியின் வருடம். பிரிட்டனின் அரசுப் பட்டியலில் 2014-இல் யூனிட்டுக்கு சுமார் 0.49 கிலோவாக இருந்த காரணி 2024-இல் 0.21 கிலோவுக்குக் கீழே வந்துவிட்டது. 2024 செப்டம்பர் 30 அன்று அங்கே கடைசி நிலக்கரி மின் நிலையமும் மூடப்பட்டது. அந்தப் பத்து வருடத்தில் ஒரு கடை ஒரு யூனிட்கூட மிச்சப்படுத்தாமல் தன் மின்சார உமிழ்வைப் பாதிக்கும் கீழே குறைத்ததாக அறிக்கை எழுதியிருக்க முடியும். குறைத்தது கட்டமைப்பு. கடை எவ்வளவு குறைத்தது என்று தெரிய, முதல் வருடக் காரணியை இரண்டு வருடத்து யூனிட்டுக்கும் போட்டு ஒருமுறை பெருக்கிப் பார்க்க வேண்டும்.